நீண்ட தூரம் நீந்த வேண்டுமா? முதலில் உங்கள் எல்லை வேகத்தைக் கண்டறியுங்கள்

முதல் 100 மீட்டரைச் சீறிப் பாய்ந்து கடந்துவிட்டு, நான்காவது நூறில் கையைத் தூக்கவே திணறுபவர்களை எந்த நீச்சல் குளத்திலும் பார்க்கலாம். தங்களுக்கு உரிய வேகம் எது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. உடல் தளராமல் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் அதிகபட்ச வேகம்தான் எல்லை வேகம். பயிற்சியாளர்கள் இதைச் சி.எஸ்.எஸ். (கிரிட்டிகல் ஸ்விம் ஸ்பீட்) என்பார்கள்.

400 மீட்டரை நிற்காமல் நீந்த முடிந்தால் இந்தச் சோதனையைச் செய்யலாம். முடியாதவர்கள் முதலில் அதைப் பழகுங்கள்.

முதலில் 10 நிமிடம் மெதுவாக நீந்தி உடலைச் சூடாக்குங்கள். பிறகு 400 மீட்டர் ஃப்ரீஸ்டைல். டைவ் அடிக்காமல் சுவரை உதைத்துப் புறப்படுங்கள். கரையில் ஒருவர் ஸ்டாப்வாட்சுடன் நின்று ஒவ்வொரு நூறின் நேரத்தையும் குறித்துக்கொள்ளட்டும். முதல் நூறுக்கும் கடைசி நூறுக்கும் 10 விநாடிக்கு மேல் வித்தியாசம் வந்தால், இன்னொரு நாள் மறுபடியும் நீந்துவதே நல்லது.

பத்து நிமிடம் இளைப்பாறிவிட்டு, முழு முயற்சியோடு 200 மீட்டர் நீந்துங்கள்.

இனிக் கணக்கு. உதாரணமாக, 400க்கு 8 நிமிடம் 40 விநாடி, அதாவது 520 விநாடி. 200க்கு 4 நிமிடம் 4 விநாடி, அதாவது 244. கழித்தால் 276. அதில் பாதி 138. ஆக, நூறு மீட்டருக்கு 2 நிமிடம் 18 விநாடி.

பலரும் சறுக்குவது அந்த 200 மீட்டரில்தான். களைப்பில் அதை 254 விநாடியில் நீந்தினால் விடை 133 ஆகிவிடும். சோம்பலாக நீந்தியதற்கு வேகமான விடை! அந்தப் பொய்யான வேகத்தில் பயிற்சி செய்தால் சில நாட்களிலேயே மனம் உடைந்துபோகும். ஆகவே 200இல் எதையும் மிச்சம் வைக்காதீர்கள்.

வாரம் ஒரு நாள், கண்டறிந்த வேகத்தில் 100 மீட்டரை எட்டு முறை நீந்துங்கள். இடையில் 20 விநாடி ஓய்வு. முதல் இரண்டும் மிக எளிதாகத் தோன்றும். அப்போது வேகத்தைக் கூட்டாமல் இருப்பதுதான் உண்மையான பயிற்சி. ஏழாவதிலும் அதே 2:18 வர வேண்டும். எட்டும் சீராக வரத் தொடங்கியதும் ஓய்வை 15 விநாடியாகக் குறையுங்கள். வேகம் அப்படியே இருக்கட்டும்.

ஆறு வாரம் கழித்து அதே குளத்தில் மறுபடியும் சோதியுங்கள். 25 மீட்டர் குளத்தில் சுவரை உதைக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால் நேரம் குறைவாக வரும். அதை 50 மீட்டர் குளத்து நேரத்தோடு ஒப்பிடக் கூடாது.