ஆங்கிலக் கடிதத்தில் வாக்குறுதி கொடுக்கும் சொல்லைத் தெரிவது எப்படி

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதும் நம் இளைஞர்கள் பலர் எல்லா இடங்களிலும் 'பிரொமிஸ்' என்றே எழுதிவிடுகிறார்கள். எழுதுமுன், சொன்னதைச் செய்யாவிட்டால் நம்மிடம் கேள்வி கேட்கப்போவது யார் என்று எண்ணிப் பார்ப்பது நல்லது.

நண்பருக்கும் உறவினருக்கும் 'பிரொமிஸ்' போதும். தவறினால் வருவது மனக்கசப்புத்தான். பயிற்சி முடிந்தபின் குறித்த காலம் பணியாற்றுவேன் என்று ஒரு நிறுவனத்துக்கு எழுதும்போது 'அண்டர்டேக்' பொருந்தும். அதன் பின் 'டு' என்பதும் வினையின் மூல வடிவமும் வரும். ஆனால் 'கொமிட்டட் டு' என எழுதினால் பெயர்ச்சொல்லோ 'இங்' சேர்ந்த வினையோ வரவேண்டும். 'அஷ்யூர்' என்பது ஒரு செய்தியை நம்பச்செய்யும் சொல். யாரை நம்பச்செய்கிறோம் என்பது அதன் பின் வந்தே ஆக வேண்டும்.

'கரன்டி' என்பதை அலங்காரத்துக்காக எழுதக்கூடாது. கடன் பெற்றவர் கட்டத் தவறினால் நான் கட்டுவேன் என்று வங்கியில் பிணை நிற்பவருடைய சொல் அது. பாண்டிருப்புத் திரௌபதையம்மன் கோயிலில் தீமிதிப்பதாக நேர்த்தி வைப்பதுதான் 'வவ்'. அதற்கு அலுவலகக் கடிதத்தில் இடமில்லை.

அதிக கவனம் வேண்டுவது சத்தியக்கடதாசி, அதாவது எழுதியது உண்மை என்று சத்தியமோ உறுதியுரையோ செய்து கையொப்பமிடும் 'அஃபிடவிட்'. 1895ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சத்தியங்கள் பற்றிய கட்டளைச்சட்டத்தின்படி, பௌத்தரும் இந்துவும் முஸ்லிமும், சத்தியம் செய்ய மனச்சாட்சி இடங்கொடாத எவரும், சத்தியத்துக்குப் பதிலாக உறுதியுரை செய்யலாம். ஆகவே கிறிஸ்தவரின் ஆவணத்தில் பொதுவாக 'ஸ்வெயர்' என்பதும், இந்து, முஸ்லிம் ஆகியோரின் ஆவணத்தில் 'அஃபேர்ம்' என்பதும் இடம்பெறும். உறுதியுரை சற்று இலேசானது என்று சிலர் நினைப்பதுண்டு. அது தவறு, பொய் சொன்னால் இரண்டிலும் தண்டனை உண்டு.

தட்டச்சு செய்பவர் பழைய படிவத்தையே திருத்திப் பயன்படுத்துவதால், முதல் வரியில் 'அஃபேர்ம்' என்றிருக்க, கையொப்பத்துக்குக் கீழே முன்னையவரின் 'ஸ்வோர்ன்' ('ஸ்வெயர்' என்பதன் இன்னொரு வடிவம்) அப்படியே நின்றுவிடுவதுண்டு. சமாதான நீதவான் முன் கையொப்பமிடுவதற்கு முன்னரே அந்த இரண்டு இடங்களையும் ஒப்பிட்டு, பொருந்தாததைத் திருத்தி மறுபடி அச்சிடச் சொல்லுங்கள்.