என்எஃப்எஸ் ஊர்கிறதா? அடைப்பு எங்கே என்று படிப்படியாகக் கண்டுபிடிக்கலாம்

லினக்ஸ் சர்வரில் இருக்கும் ஒரு ஃபோல்டரை என்எஃப்எஸ் வழியாக (நெட்வொர்க்கில் ஃபோல்டர்களைப் பகிரும் முறை) நாலைந்து கம்ப்யூட்டர்களுக்குப் பகிர்ந்திருக்கிறீர்கள். இத்தனை நாளும் நன்றாக ஓடியது, இப்போது ஊர்கிறது. நெட்டில் தேடினால் முதலில் கிடைப்பது மவுன்ட் ஆப்ஷன்களின், அதாவது அந்த ஃபோல்டரை உங்கள் கம்ப்யூட்டரில் இணைக்கும்போது கொடுக்கும் அமைப்புகளின், பட்டியல்தான். தயவுசெய்து அங்கே ஆரம்பிக்காதீர்கள். என்எஃப்எஸ்ஸுக்குக் கீழே ஒயர் இருக்கிறது, ஸ்விட்ச் இருக்கிறது, சர்வரின் டிஸ்க் இருக்கிறது. எது படுத்தாலும் பழி என்னவோ என்எஃப்எஸ் மேல்தான் விழும். அதனால் கீழிருந்து ஒவ்வொன்றாக அளந்துகொண்டே மேலே வருவோம்.

முதலில் ஒரு கேள்வி: எது மெதுவாக இருக்கிறது?

ஒரே ஒரு பெரிய ஃபைலைக் காப்பி செய்து பாருங்கள். அப்புறம் ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்கள் உள்ள ஒரு ஃபோல்டரைக் காப்பி செய்து பாருங்கள். பெரியது பறந்து, குட்டிகள் மட்டும் இழுத்தால் நேராகப் படி 4-க்குப் போய்விடலாம். இரண்டுமே மெதுவு என்றால் வரிசையாக வாருங்கள்.

சோதிக்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும். ஒருமுறை படித்த ஃபைலை மறுபடி படித்தால், கிளையன்ட் (ஃபோல்டரைப் பயன்படுத்தும் கம்ப்யூட்டர்) அதைத் தன் ரேமிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிடும். ஜிகாபிட் ஒயரில் நொடிக்கு 2 ஜிபி வேகம் காட்டினால் மகிழ்ந்துவிடாதீர்கள், அது ரேமின் வேகம். ரேமைவிடப் பெரிய ஃபைலாக எடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் அன்மவுன்ட் செய்து மறுபடி மவுன்ட் செய்யுங்கள்.

படி 1: ஒயர்

ஜிகாபிட் என்றால் நொடிக்கு 1000 மெகாபிட். எட்டால் வகுத்தால் 125 எம்பி. பாக்கெட்டுகளின் மேல்சுமை போக, காப்பி செய்யும்போது கையில் கிடைப்பது 110 எம்பி சுமார். உங்கள் காப்பி 11 எம்பி பக்கத்தில் அசையாமல் நின்றால் வேறெங்கும் தேட வேண்டாம், இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்டது. ஈத்டூல் கட்டளையை நெட்வொர்க் கார்டின் பெயரோடு ஓட்டினால் ஸ்பீட் என்ற வரியில் 1000 இருக்கிறதா, 100 இருக்கிறதா என்று தெரிந்துவிடும். சர்வர், கிளையன்ட் இரண்டிலும் பாருங்கள்.

ஏன் இறங்குகிறது? ஜிகாபிட்டுக்கு கேபிளில் உள்ள நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு ஆரஞ்சு, பச்சை இரண்டு ஜோடி போதும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி விட்டுப்போனால், பல கார்டுகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி வேலையைத் தொடரும். விளக்கு எரியும், பிங் போகும், யாருக்கும் சந்தேகமே வராது. மேஜைக் காலடியில் நசுங்கிய கேபிளையும், கையால் கிரிம்ப் செய்த முனையையும் முதலில் மாற்றிப் பாருங்கள்.

ஸ்பீட் 1000 என்று காட்டினால், சர்வரில் ஐபெர்ஃப்3 என்ற வேகம் அளக்கும் கருவியை சர்வர் முறையில் ஓடவிட்டு, கிளையன்ட்டிலிருந்து இணையுங்கள். இது டிஸ்க்கைத் தொடாது, நெட்வொர்க்கை மட்டும் அளக்கும். 940 மெகாபிட் வந்தால் நெட்வொர்க் சுத்தம். திசையை மாற்றியும் ஒருமுறை ஓட்டுங்கள், ஒரு பக்கம் மட்டும் கெட்டிருப்பதும் உண்டு. யாராவது எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, பைட்டில்) 9000 ஆக்கியிருந்தால் ஸ்விட்ச், சர்வர், கிளையன்ட் எல்லாவற்றிலும் அப்படி இருக்க வேண்டும். நடுவில் ஸ்விட்ச் மட்டும் 1500-இல் நின்றுவிட்டால் சின்ன வேலைகள் ஓடும், பெரிய காப்பி அப்படியே தொங்கும்.

படி 2: சர்வரின் டிஸ்க்

சர்வரிலேயே உட்கார்ந்து, நெட்வொர்க் இல்லாமல் அதே ஃபைலைப் படித்துப் பாருங்கள். அங்கேயே மெதுவு என்றால் என்எஃப்எஸ்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. டிஸ்க்கின் வேலையைக் காட்டும் ஐஓஸ்டாட் கட்டளையை விரிவான முறையில் ஓட்டி, அவெய்ட் என்று தொடங்கும், அல்லது முடியும் பத்திகளைப் பாருங்கள், ஒரு கோரிக்கை சராசரியாக எத்தனை மில்லிசெகண்ட் காத்திருக்கிறது என்று தெரியும். சுழலும் ஹார்டு டிஸ்க் அங்குமிங்கும் தாவிப் படித்தால் நொடிக்கு நூறு கோரிக்கை அளவில்தான் தாங்கும். நாலு பேர் ஒரே நேரத்தில் கேட்டால் திணறத்தான் செய்யும். ரெய்டு (பல டிஸ்க்குகளைச் சேர்த்த தொகுப்பு) மறுகட்டமைப்போ பேக்கப்போ பின்னால் ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

படி 3: இப்போதுதான் என்எஃப்எஸ்

கிளையன்ட்டில் என்எஃப்எஸ்ஐஓஸ்டாட் என்ற கட்டளையை ஓட்டுங்கள். நிறைய எண்கள் வரும், நமக்கு மூன்று போதும்: ரீட்ரான்ஸ், சராசரி ஆர்டிடி, சராசரி எக்ஸி. ரீட்ரான்ஸ் என்பது பதில் வராமல் மறுபடி அனுப்பிய கோரிக்கைகள், அது ஏறிக்கொண்டே போனால் படி 1-க்குத் திரும்புங்கள். ஆர்டிடி என்பது கோரிக்கை கிளம்பி பதில் வரும் வரையுள்ள நேரம். எக்ஸி என்பது அதோடு கிளையன்ட்டில் வரிசையில் நின்ற நேரமும் சேர்ந்தது.

ஆர்டிடி 1 மில்லிசெகண்ட், எக்ஸி 45 என்று இருந்தால் சர்வர் சுறுசுறுப்பாகத்தான் இருக்கிறது, கூட்டம் உங்கள் வாசலில். லினக்ஸ் கெர்னல் 5.3-இலிருந்து வந்த, ஒரே சர்வருக்குப் பல இணைப்புகளைத் திறக்கும் என்கனெக்ட் ஆப்ஷனை 4 என்று கொடுத்து மவுன்ட் செய்து பார்க்கலாம். ஆர்டிடியே 40 என்றால் சர்வர் திணறுகிறது. டிஸ்க் நன்றாக இருந்தும் இப்படி என்றால், சர்வரில் கோரிக்கைகளைக் கவனிக்கும் என்எஃப்எஸ்டி த்ரெட்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். பல சர்வர்களில் இன்னும் 8-தான் இருக்கும். 32 ஆக்கிவிட்டு மறுபடி அளங்கள்.

ஆர்சைஸ், டபிள்யூசைஸ் (ஒரு கோரிக்கையில் படிக்கும், எழுதும் உச்ச அளவு) பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். இன்றைய லினக்ஸில் இரு பக்கமும் பேசி 1 எம்பி வரை தாங்களாகவே வைத்துக்கொள்ளும். பழைய வழிகாட்டியிலிருந்து யாரோ எஃப்எஸ்டேபில் (மவுன்ட்களின் பட்டியல் உள்ள ஃபைல்) 8192 என்று எழுதி வைத்திருந்தால் அந்த எண்ணை எடுத்துவிடுங்கள், அவ்வளவுதான்.

படி 4: குட்டி ஃபைல்கள்

இங்கே சிக்கல் வேகத்தில் இல்லை, காத்திருப்பதில் இருக்கிறது. ஒரு ஃபைலை எழுத, பெயரைத் தேடு, உருவாக்கு, எழுது, டிஸ்க்கில் பதித்துவிட்டாயா என்று கேள் எனப் பல முறை போய்வர வேண்டும். ஃபைலுக்கு 20 மில்லிசெகண்ட் என்று வைத்தாலும், 10,000 ஃபைலுக்கு 200 நொடி. ஃபைலில் ஒரே ஒரு எழுத்து இருந்தாலும் இதே கதைதான். ஒயரை 10 ஜிகாபிட் ஆக்கினாலும் பெரிதாகக் குறையாது.

இந்த இடத்தில் யாராவது எக்ஸ்போர்ட்டில் (சர்வரில் ஃபோல்டரைப் பகிரும் அமைப்பில்) அசிங்க் என்ற ஆப்ஷனைப் போடச் சொல்வார்கள். போட்டால் வேகம் கூடத்தான் செய்யும். ஏனென்றால் டிஸ்க்கில் பதியாமலே சர்வர் "பதித்துவிட்டேன்" என்று பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். கரண்ட் போனால் எழுதியதாக நினைத்த ஃபைல் இருக்காது, கிளையன்ட்டுக்கு அது தெரியவும் தெரியாது. அழிந்தாலும் பரவாயில்லை என்ற தற்காலிக ஃபோல்டருக்கு வேண்டுமானால் போடுங்கள், அலுவலகக் கணக்குக்கு வேண்டாம். மின்தடையைத் தாங்கும் கெப்பாசிட்டர் உள்ள எஸ்எஸ்டி வாங்குவது நேர்மையான தீர்வு. காசில்லாத தீர்வும் உண்டு: எல்லாவற்றையும் டார் கட்டளை கொண்டு ஒரே ஃபைலாகக் கட்டி அனுப்பி, சர்வரில் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்து அங்கேயே பிரியுங்கள்.

காப்பி எல்லாம் சரி, ஃபோல்டருக்குள் நுழைந்து எல்எஸ் (ஃபைல்களைப் பட்டியலிடும் கட்டளை) அடித்தால் மட்டும் நேரமாகிறதா? பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் எல்எஸ் வண்ணம் காட்டும்படி மாற்றுப்பெயர் (அலியாஸ்) வைக்கப்பட்டிருக்கும். வண்ணம் தீட்ட ஒவ்வொரு ஃபைலின் விவரத்தையும் அது பார்த்தாக வேண்டும். எல்எஸ்ஸுக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு (\) போட்டு, மாற்றுப்பெயரைத் தவிர்த்து ஓட்டிப் பாருங்கள். பட்டியல் சட்டென்று வந்தால் சர்வரை விட்டுவிட்டு அந்த மாற்றுப்பெயரை நீக்குங்கள்.