உங்கள் ஊரின் மழை, வெயில் வரைபடத்தை நீங்களே போடுவது எப்படி?

சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை பெய்கிறது. லண்டனில் பெய்வதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் மார்ச்சில் சென்னைக்கு வருபவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். ஆண்டு மொத்தத்தை மட்டும் வைத்து ஓர் ஊரை எடைபோட முடியாது, மாதம் மாதமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸ் இருந்தால் போதும். சென்னையை வைத்தே செய்து பார்ப்போம்.

படி 1: தரவை எடுங்கள்

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தினசரிப் பதிவுகளில் மழை, அதிகபட்ச வெப்பநிலை, குறைந்தபட்ச வெப்பநிலை மூன்றும் வேண்டும். வானிலைக்காரர்கள் "இயல்பு" என்று சொல்வது 30 ஆண்டுச் சராசரியைத்தான். இப்போது 1991 முதல் 2020 வரை. பழகிப் பார்க்க 10 ஆண்டு போதும். சென்னையில் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் என்று இரண்டு நிலையங்கள் உண்டு. ஒன்றை மட்டும் எடுங்கள். மீனம்பாக்கம் கடலிலிருந்து தள்ளி இருப்பதால் கோடையில் அங்கே சூடு பெரும்பாலும் கூடுதல். கலந்தால் கணக்கு கெடும்.

படி 2: சுத்தம் செய்யுங்கள்

அலுப்பான வேலைதான், ஆனால் தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் நுழைகின்றன. காலியாக இருக்கும் கட்டத்தில் 0 போடாதீர்கள். 0 என்றால் மழை இல்லை. காலி என்றால் பதிவு இல்லை. சில கோப்புகளில் பதிவு இல்லாத நாளுக்கு -999 என்று இருக்கும். அதை அப்படியே கூட்டினால் நவம்பர் மழை மைனஸில் போகும். மே மாத வெப்பநிலை 100 என்று காட்டினால் அது ஃபாரன்ஹீட், செல்சியஸுக்கு மாற்றுங்கள். மழை அங்குலத்தில் இருந்தால் 25.4 ஆல் பெருக்குங்கள்.

இன்னொன்று: நம் நாட்டில் ஒரு நாளின் மழை என்பது காலை 8.30க்கு அளந்தது, அதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்கானது. நவம்பர் 30 மாலை கொட்டிய மழை டிசம்பர் 1 கணக்கில்தான் ஏறும். ஏதாவது ஒரு மாதத் தொகை நாளிதழ்ச் செய்தியோடு ஒத்துப்போகாவிட்டால் முதலில் இதைச் சரிபாருங்கள்.

படி 3: மாதவாரியாகத் திரட்டுங்கள்

தேதியிலிருந்து ஆண்டு, மாதம் இரண்டையும் தனித்தனி நெடுவரிசையாகப் பிரித்து, பிவட் டேபிள் (தரவை ஆண்டு, மாதம் வாரியாகத் தொகுத்துக் காட்டும் அட்டவணை) போடுங்கள். மழையைக் கூட்ட வேண்டும், வெப்பநிலையைச் சராசரி எடுக்க வேண்டும். மாற்றிச் செய்துவிடாதீர்கள்.

அப்புறம் எல்லா ஆண்டுகளின் நவம்பரையும் சேர்த்துச் சராசரி காணும்போது கூடவே மீடியனையும், அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணையும் பாருங்கள். 2015 நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் 1,049 மி.மீ. பெய்தது. மற்ற நான்கு ஆண்டுகளில் 280, 300, 320, 350 என்று வைத்துக்கொண்டால் சராசரி 460. அந்த ஐந்தில் நான்கு ஆண்டுகள் 460-ஐ நெருங்கவே இல்லை! மீடியன் 320. மழைக்கு நான் எப்போதும் மீடியனைத்தான் நம்புவேன்.

படி 4: வரையுங்கள்

மழைக்குப் பட்டை, வெப்பநிலைக்குக் கோடு. இரண்டையும் ஒரே படத்தில், வெப்பநிலைக்கு வலப்பக்கம் தனி அச்சோடு போடுங்கள்.

படி 5: படத்தை வாசியுங்கள்

ஜனவரி–பிப்ரவரி குளிர்காலம், மார்ச்–மே கோடை, ஜூன்–செப்டம்பர் தென்மேற்குப் பருவமழை, அக்டோபர்–டிசம்பர் வடகிழக்குப் பருவமழை. இந்த நான்காகப் பிரித்து நிறம் கொடுங்கள்.

சென்னையின் உயரமான பட்டைகள் அக்டோபரிலும் நவம்பரிலும் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழை என்று நாம் சொல்வது இதைத்தான். தென்மேற்குக் காற்று தன் ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கமே இறக்கிவிடுகிறது. ஆனாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை சென்னைக்கு 400 மி.மீ.க்கு மேல் கிடைக்கிறது. பெரும்பாலும் மாலை, இரவு நேர இடிமழை. "நமக்குத் தென்மேற்கில் மழையே இல்லை" என்பவர்களுக்கு இந்தப் பட்டைகளைக் காட்டுங்கள்.

வெப்பக் கோடு இன்னும் சுவாரஸ்யமானது. சென்னைக்கு நேர் உச்சியில் சூரியன் வருவது ஏப்ரல் கடைசியில். ஆனால் அனல் உச்சத்துக்குப் போவது மே இறுதி, ஜூன் தொடக்கம். மேற்கிலிருந்து வரும் வறண்ட நிலக்காற்று வலுத்து, கடற்காற்றை உள்ளே விடாமல் தாமதப்படுத்துவது ஒரு முக்கியக் காரணம். 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது அந்த வாரங்களில்தான். ஆகஸ்ட் நடுவில் சூரியன் மறுபடி உச்சிக்கு வரும், ஆனால் மேகமும் மழையும் இருப்பதால் அவ்வளவு சுடாது.

இதே படத்தை மும்பைக்கும் போட்டுப் பாருங்கள். ஜூலையில் மட்டும் 800 மி.மீ. அளவுக்கு ஒரு பட்டை எழும், அதிகபட்ச வெப்பநிலைக் கோடு ஆகஸ்டில் 30 டிகிரிக்கு இறங்கி அக்டோபரில் மறுபடி ஏறும்.

படி 6: இந்த ஆண்டை ஒப்பிடுங்கள்

மழை இயல்பிலிருந்து 19 சதவீதம் வரை கூடினாலும் குறைந்தாலும் வானிலைத் துறைக் கணக்கில் அது "இயல்பு"தான். 20 முதல் 59 சதவீதம் குறைந்தால் பற்றாக்குறை. ஆனால் இந்தச் சதவீதத்தை மார்ச்சுக்குப் போடாதீர்கள். சென்னையில் மார்ச் மாத இயல்பே சில மி.மீ. தான், ஒரு நாள் மாலை கால் மணி நேரம் பெய்தால் "300 சதவீதம் அதிகம்" என்று வந்து நிற்கும். வறண்ட மாதங்களுக்கு வித்தியாசத்தை மி.மீ.யிலேயே எழுதுங்கள்.