காரில் டச் ஸ்டீரியோ மாட்டும்போது ஒயரை வெட்ட விடாதீர்கள்

ஸ்விஃப்ட், வேகன்ஆர், ஐ10 மாதிரி கார்களில் அடிப்படை மாடலை எடுத்துவிட்டு, வெளியே 9 இன்ச் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ மாட்டிக்கொள்பவர்கள் நிறையப் பேர். கொஞ்ச நாளில் புகார்கள் வரும்: காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, எஃப்எம் இரைகிறது, ஒரு ஸ்பீக்கர் கரகரக்கிறது. பழி செட் மேல் விழும். ஆனால் கோளாறு பெரும்பாலும் டேஷ்போர்டுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் ஒயரில்தான்.

முதல் தவறு, காரோடு வந்த கப்ளரை, அதாவது ஒயர்களின் முனையில் இருக்கும் பிளக்கை, வெட்டுவது. வெட்டி, ஒயர்களை முறுக்கி, கருப்பு டேப்பைச் சுற்றினால் வேலை சீக்கிரம் முடியும் என்பதால் சில கடைகளில் அப்படிச் செய்கிறார்கள். வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் டேப்பின் பசை இளகி, பிசுபிசுவென்று ஒழுகி, சுற்று தானாகப் பிரியும். பிரிந்த முனை இரும்பில் பட்டால் ஷார்ட். ஃபியூஸ் போனால் தப்பித்தோம். ஃபியூஸுக்கு முன்னால் ஒயர் சூடானால் ஆபத்து. வாரண்டி கேட்டுப் போனால், மறுப்பதற்கு வெட்டிய ஒயரே காரணமாகிவிடும். உங்கள் மாடலுக்கென்றே செய்த கப்ளர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு பக்கம் காரில் செருகும், மறுபக்கம் செட்டில் செருகும். அதை வாங்கிய பிறகுதான் வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.

அடுத்தது மஞ்சளும் சிவப்பும். செட்டின் மஞ்சள் ஒயருக்கு எப்போதும் 12 வோல்ட் வர வேண்டும்; நேரமும் செட்டிங்கும் அழியாமல் இருப்பது அதனால்தான். சிவப்புக்குச் சாவியைத் திருப்பினால் மட்டும் வர வேண்டும். கருப்பு எர்த். மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து பேட்டரி லைனில் கொடுத்துவிட்டால், திரை அணைந்திருந்தாலும் செட் உள்ளே விழித்தே இருக்கும். சின்ன கார்களில் பேட்டரி 35 ஆம்பியர்‑அவர் அளவுதான். செட் 1 ஆம்பியர் இழுத்தாலே ஒன்றரை நாளில் பேட்டரி காலி, வண்டி அதற்கும் முன்பே மக்கர் செய்யும். இரண்டையும் இக்னிஷனில் கொடுத்தாலோ, ஒவ்வொரு முறையும் செட் முதலிலிருந்து பூட் ஆகும், வைத்த ஸ்டேஷன் மறந்துபோகும். இந்த நிறங்கள் செட் பக்கத்துக்குத்தான். கார் பக்கத்தில் கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். மல்டிமீட்டர் வைத்து, சாவி போட்டும் எடுத்தும் பார்ப்பவரிடம் வண்டியைக் கொடுங்கள். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா வண்டிகள் பலவற்றில் சாவியின் நிலை தனி ஒயரில் வராமல், காரின் கருவிகள் தகவல் பரிமாறிக்கொள்ளும் பொது லைனான கேன் பஸ் வழியாக வரும். அதைப் புரிந்து செட்டுக்குச் சொல்ல கேன் டிகோடர் பெட்டி வேண்டும்.

இன்னொரு மஞ்சள் இருக்கிறது, அதை யாரும் தொடவே கூடாது. டேஷ்போர்டுக்குள் மஞ்சள் உறையிலோ மஞ்சள் கப்ளரிலோ போவது பெரும்பாலும் ஏர்பேக் லைன். அங்கே டெஸ்ட் லைட் வைப்பது, பவர் எடுப்பது எல்லாம் உயிரோடு விளையாடுவது. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, சில நிமிடம் விட்டுத்தான் டேஷ்போர்டைப் பிரிக்க வேண்டும். பிரிப்பதற்கும் பிளாஸ்டிக் பட்டைதான் சரி. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் ஃபிரேமில் தழும்பு விழும், கிளிப் உடையும்.

ஸ்பீக்கருக்கு வருவோம். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாக இரண்டு ஒயர். கருப்புக் கோடு போட்டது நெகட்டிவ். அது எர்த் இல்லை. நான்கு நெகட்டிவையும் சேர்த்து பாடியில் கொடுத்தால் செட்டுக்குள் ஒலியைப் பெருக்கும் சில்லான ஆம்ப் ஐசி போய்விடும். ஒரே ஒரு ஸ்பீக்கரில் பிளஸ் மைனஸ் மாறினாலும் பேஸ் காணாமல் போகும்; பாட்டு ஏதோ வெறுமையாகக் கேட்கும், காரணம் புரியாது. பெட்டியில் போட்டிருக்கும் 4x50 வாட்ஸ் உச்ச அளவு. தனி ஆம்ப் இல்லாமல் கார் மின்சாரத்தில் ஒரு ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து கிடைப்பது சுமார் 20 வாட்ஸ்தான், பெட்டியில் உள்ள எண்ணை நம்பிப் பெரிய ஸ்பீக்கர் வாங்காதீர்கள்.

எஃப்எம் இரைந்தால், ஆன்டெனாவுக்கு பவர் கொடுக்கும் நீல ஒயர் சும்மா தொங்குகிறதா என்று முதலில் பாருங்கள். ஜிபிஎஸ் ஆன்டெனாவை செட்டுக்குப் பின்னால் இரும்புக்கு அடியில் திணிக்காமல், டேஷ்போர்டின் மேல்பக்கமாக ஒட்டச் சொல்லுங்கள். மிச்ச ஒயரைச் செட்டின் முதுகில் அழுத்தி வைத்தால் சூடு வெளியேறாது; அதை குளோவ் பாக்ஸ் பக்கம் கட்டி வைக்கலாம்.

ஹேண்ட்பிரேக் ஒயர் என்று ஒன்று வரும். வண்டி நிற்கும்போது மட்டும் வீடியோ ஓட வேண்டும் என்பதற்காக வைத்தது. அதை எர்த்தில் கொடுத்துவிட்டால் ஓடும்போதும் படம் பார்க்கலாம் என்று கடையில் சலுகை மாதிரி சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எதிரே பேருந்து வரும் சாலையில் இரண்டு விநாடி கண் திரையில் இருந்தாலே போதும், விபத்து நடக்க.

ஃபிரேமை அழுத்தி மூடும் முன் எல்லாவற்றையும் அங்கேயே உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். ஃபேடர் (முன்‑பின்), பேலன்ஸை (இடது‑வலது) நகர்த்தி நான்கு ஸ்பீக்கரையும் தனித்தனியாகக் கேளுங்கள். ரிவர்ஸ் கியர் போட்டால் கேமரா வருகிறதா, ஸ்டீயரிங் பட்டன் வேலை செய்கிறதா, சாவியை எடுத்தால் செட் அணைகிறதா என்று பாருங்கள். ஹசார்டு லைட்டையும் கட்டாயம் போடுங்கள். பல கார்களில் அந்தச் சுவிட்ச் ஸ்டீரியோ ஃபிரேமிலேயே இருப்பதால், அதன் கப்ளரைத் திரும்பச் செருக மறந்துவிடுவார்கள்.