முதல் ஆவணப்படம்: கேமரா வாங்கும் முன் ஒரு கோப்பு வாங்குங்கள்

என் முதல் ஆவணப்படத்தை முடிக்க மூன்று வருடம் ஆனது. 26 நிமிடப் படம். அதில் 6 நிமிடத்தை நீங்கள் யாரும் பார்த்ததில்லை, பார்க்கப்போவதும் இல்லை. ஒரு பாட்டுதான் காரணம். அந்தக் கதை 3-ஆம் படியில் வருகிறது.

கேமராவை இயக்குவது, எக்ஸ்போஷர், ஃபோகஸ் எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக வேலைக்குப் போகிறேன்.

படி 1: ஆளைத் தேடுங்கள்

‘முதுமை’ என்பது வெறும் தலைப்பு. கண் மங்கிவரும் கடிகாரம் பழுதுபார்ப்பவர் கடையை மகளிடம் ஒப்படைப்பாரா, மாட்டாரா? அது படம். நினைத்தபோது போய்வரக்கூடிய தூரத்தில் இருப்பவராகப் பாருங்கள். முதல் படம் 20 நிமிடத்துக்குள் இருக்கட்டும். ஆஸ்கர் விதிப்படி 40 நிமிடம் வரை குறும்படம்தான். ஆனால் விழாக்காரர்களுக்கு 15 நிமிடப் படத்தை நிகழ்ச்சி நிரலில் செருகுவது சுலபம்.

படி 2: கருவிகள்

காசு இருந்தால் முதலில் மைக்குக்குப் போடுங்கள். படம் கொஞ்சம் மங்கினால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார், பேச்சு புரியாவிட்டால் எழுந்து போய்விடுவார். சட்டையில் குத்தும் மைக் ஒன்று, குறிபார்த்த திசையின் சத்தத்தைப் பிடிக்கும் ஷாட்கன் மைக் ஒன்று. ரெக்கார்டர் 32-பிட் ஃப்ளோட் வகையாக இருந்தால் தனியாக வேலை செய்பவருக்குப் பெரிய நிம்மதி. சத்தத்தின் அளவைத் தப்பாக வைத்திருந்தாலும் பிறகு மீட்டுவிடலாம். (சத்தம் தாங்காமல் மைக்கே கரகரத்தால் ஒன்றும் செய்ய முடியாது.) கிளம்பும் முன் அந்த அறையின் வெறும் அமைதியை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். எடிட்டிங்கில் ஒட்டுப்போட அதுதான் நூல்.

எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே தாராளம். பதிவுகளுக்கு மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். இதில் வாதமே கிடையாது.

படி 3: ஒப்புதலும் உரிமையும்

நான் விழுந்த குழி இது.

பெரியவர் ஒருவரைப் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் ரேடியோ. பழைய பாட்டு ஒன்று வந்தது. அவர் பேச்சை நிறுத்திவிட்டுக் கூடவே முணுமுணுத்தார், கண் கலங்கியது, இறந்துபோன மனைவியைப் பற்றி முதன்முதலாகப் பேசினார். படத்தின் உயிரே அதுதான் என்று பூரித்துப்போனேன்.

பிறகு ஒரு ஒளிபரப்பு நிறுவனம் படத்தைக் கேட்டது. கூடவே ஒரு கேள்வி: “அந்தப் பாட்டுக்கு அனுமதிக் கடிதம் எங்கே?”

அப்போதுதான் தெரிந்தது, ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. மெட்டும் வரிகளும் ஒன்று, ஒலிப்பதிவு இன்னொன்று. இரண்டும் பெரும்பாலும் வெவ்வேறு ஆட்கள் கையில். ஒருவர் சம்மதித்தார். மற்றவரிடமிருந்து பதிலே இல்லை. பாட்டை மட்டும் நீக்கலாம் என்றால் பேச்சும் பாட்டும் ஒரே பதிவில் பின்னிக் கிடந்தன. போதாக்குறைக்கு, பெரியவர் முணுமுணுத்ததும் அந்த மெட்டைப் பயன்படுத்தியதாகத்தான் கணக்கு. 6 நிமிடத்தை வெட்டினேன்.

‘பத்து விநாடிக்குள் என்றால் பிரச்சினை இல்லை’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படிப் பொதுவான விதி எதுவும் கிடையாது. தற்செயலாகப் பதிவாவதற்குச் சில நாடுகளின் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் படத்தை வாங்குபவரும் அதை ஒப்புக்கொள்ள வேண்டுமே!

ஆகவே, பேட்டிக்கு முன் ரேடியோ, டிவி இரண்டையும் அணைக்கச் சொல்லுங்கள். கேமராவில் தெரிபவரிடம் அன்றே கையெழுத்து வாங்குங்கள். ‘எல்லா ஊடகம், எல்லா நாடு, கால வரம்பின்றி’ என்பது ஒப்புதல் படிவத்தில் இருக்கட்டும், அதன் பொருளையும் அவருக்குச் சொல்லிவிடுங்கள். பழைய புகைப்படம் கிடைத்தால் எடுத்தவர் யார் என்று விசாரியுங்கள், வைத்திருப்பவரே உரிமையாளர் என்பதில்லை. எல்லாம் ஒரே கோப்பில், தேதி வாரியாக.

படி 4: எடிட்டிங்

பேட்டிகளை டைம்கோடோடு (பதிவில் எந்த நிமிடம், எந்த விநாடி என்ற குறிப்பு) எழுத்தாக்கி, அச்சிட்டு, கத்தரித்துத் தரையில் பரப்புங்கள். காகிதத்தில் நிற்காத கதை திரையிலும் நிற்காது.

படி 5: விழாக்கள்

முடித்த சந்தோஷத்தில் யூடியூபில் ஏற்றிவிடாதீர்கள். முதல் காட்சி தங்களிடம்தான் நடக்க வேண்டும் என்று பல விழாக்கள் எதிர்பார்க்கும். கடவுச்சொல் போட்ட இணைப்பை மட்டும் அனுப்புங்கள். ஆம்ஸ்டர்டாமின் இட்ஃபா ஆவணப்பட விழா நவம்பரில் நடக்கிறது, ஜப்பானின் யமகதா இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. ஒவ்வொன்றின் விதியையும் தனித்தனியாகப் படியுங்கள். விழாக்களுக்கு விண்ணப்பிக்கும் தளமான பிலிம்ஃப்ரீவேயில் கண்ணில் பட்டதற்கெல்லாம் விண்ணப்பித்தால் கட்டணத்திலேயே கை காலியாகும். திரையரங்கப் பிரதி கேட்டால் டிசிபி-ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருள் போதும்.

படி 6: வயிற்றுப்பாடு

விழா விருது வாடகை கட்டாது. எனக்குத் தெரிந்தவர்கள் பிறர் படத்துக்கு எடிட்டிங் செய்கிறார்கள், நிறுவனங்களுக்குப் படம் எடுக்கிறார்கள், வகுப்பு நடத்துகிறார்கள். நானும் அப்படித்தான். நிதி உதவி பெரும்பாலும் ஆய்வு, படப்பிடிப்பு, முடிப்பு என்று கட்டம் கட்டமாகக் கிடைக்கும். புதியவர் முதலில் சொந்த முயற்சியில் எடுத்து, ரஃப் கட்டை (முதல்கட்டமாகத் தொகுத்த வடிவத்தை)க் காட்டி முடிப்புக்குக் கேட்பதே என் கட்சி. வெறும் கதைச் சுருக்கத்தை நம்பிப் பணம் தருபவர் குறைவு.

பிற்சேர்க்கை

கையெழுத்துப் போடத் தெரியாதவரிடம் என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். படிவத்தை அவர் மொழியில் வாசித்துக் காட்டி, பெயரையும் சம்மதத்தையும் கேமராவிலேயே சொல்லவைத்துப் பதிவு செய்யுங்கள். சாட்சிக்கு ஒருவர் உடன் இருக்கட்டும். சிறுவர் என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையெழுத்து வேண்டும்.

கைபேசியில் எடுத்தேன், போகப்போக உதடும் சத்தமும் பிரிகிறது என்றார் இன்னொருவர். பல கைபேசிகள் ஃப்ரேம் வேகத்தைத் தாமாகவே கூட்டிக் குறைக்கும். எடிட்டிங்குக்கு முன் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் நிலையான வேகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மூலப் பதிவை மட்டும் அழித்துவிடாதீர்கள்.