பழைய வீட்டின் சுண்ணாம்புச் சுவரைப் பழுதுபார்க்கும் முறை

செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் சுவரின் அடிப்பகுதி பொரிந்து உதிர்வதைக் கண்டதும் பலர் முதலில் வாங்குவது சிமெண்ட் மூட்டையைத்தான். செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய சுவர், மண்ணிலிருந்து ஏறும் ஈரத்தைப் பூச்சின் வழியே காற்றில் விட்டுக்கொண்டே இருக்கும். அந்த வழியைச் சிமெண்ட் அடைத்துவிடுவதால் ஈரம் உள்ளேயே மேலேறி, சிமெண்ட் பூச்சு முடியும் இடத்துக்கு மேலே உப்பாகப் பூக்கிறது. ஆகவே இந்த வேலையில் சிமெண்டுக்கு இடமில்லை, கொத்தனார் "ஒரு கைப்பிடி மட்டும்" என்று கேட்டாலும்.

மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் உங்கள் வீடு இருந்தால், பழுதுபார்க்கவும் முன் அனுமதி பெற வேண்டும். அதையடுத்த 200 மீட்டரிலும் கட்டுப்பாடு உண்டு. கட்டடமே பாதுகாக்கப்பட்ட சின்னம் என்றால் நாமாக அதில் கை வைக்கக் கூடாது.

முதல் வேலை, தண்ணீர் வரும் வழியைக் கண்டுபிடிப்பது. மழை பெய்யும்போதே வீட்டைச் சுற்றி வந்து, ஓட்டுக் கூரையின் தகரக் கால்வாய் எங்கே வழிகிறது, முற்றத்து நீர் எங்கே தேங்குகிறது, பிற்காலத்தில் போட்ட சிமெண்ட் தளம் சுவரடிக்கு நீரைத் தள்ளுகிறதா என்று பாருங்கள். கசிவை நிறுத்திய பின் இயன்றால் ஒரு கோடை முழுதும் சுவரைக் காயவிடுங்கள். பொறுமையில்லாமல் ஈரச் சுவரில் பூசிய எந்தப் பூச்சும் மறுபடி உதிரும்.

அடுத்து, சுவரைப் புகைப்படம் எடுத்துவிட்டு விரல் முட்டியால் தட்டுங்கள். பொள்ளென்று ஒலிக்கும் பகுதியை மட்டும் உளியால் மெல்லப் பெயர்த்தெடுங்கள்; உறுதியாக ஒட்டியிருப்பதைத் தொட வேண்டாம். வெளித்தெரியும் உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி அகற்றுங்கள், கழுவினால் அது கரைந்து மீண்டும் சுவருக்குள்ளேயே போய்விடும்.

சுண்ணாம்பு நீற்றும்போது கவனம் தேவை. தொட்டியில் நீரை நிரப்பி, அதில் சுட்ட சுண்ணாம்புக் கற்களைச் சிறிது சிறிதாக இட வேண்டுமே தவிர, கற்களின் மேல் நீரை ஊற்றக் கூடாது. அது கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே கெடலாம் என்பதால் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். நீற்றியதைச் சலித்து, மேலே நீர் நிற்கும்படி சில வாரங்கள் ஊறவிட்டால் வெண்ணெய் போல் குழையும். அதில் ஒரு பங்குக்கு மூன்று பங்கு சலித்த ஆற்றுமணல் சேர்த்து நன்றாகக் குழையுங்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்ப்பது நம் ஊர் வழக்கம். அதன் அளவு கொத்தனாருக்குக் கொத்தனார் மாறும் என்பதால் முதலில் மறைவான ஓரிடத்தில் பூசிப் பாருங்கள்.

பூசும் முன் சுவரை நனைத்து, ஒரு தடவைக்கு 10 மில்லிமீட்டருக்கு மிகாமல் கரணையால் அழுத்திப் பூசுங்கள். முதல் பூச்சு இறுகிய பிறகே அடுத்தது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஈர்த்து மெல்லக் கல்லாவதால், குறைந்தது ஒரு வாரமாவது வெயில் நேராகப் படாமல் ஈரச் சாக்கைத் தொங்கவிட வேண்டும்.

முட்டை வெள்ளைக்கரு சேர்த்த பளபளப்பு மேற்பூச்சுக்குப் பழகிய கை வேண்டும், அதைப் புதியவர்கள் முயல வேண்டாம். பூச்சு காய்ந்த பின் பிளாஸ்டிக் பெயிண்டைத் தவிர்த்து, நீர் விட்டுக் கரைத்த சுண்ணாம்பையே இரண்டு மூன்று முறை மெல்லிதாக அடியுங்கள்.