பூட்டாத கதவும் ரப்பர் குழாய்க்குள் அறுந்த ஒயரும்

விடியற்காலை மூன்று மணிக்கு திருநெல்வேலி நயினார்குளம் மார்க்கெட்டில் வாழைத்தார் இறக்கும்போது, முந்தின நாள் வசூல் பை என் பிக்கப் வண்டியின் இருக்கைக்கு அடியில்தான் கிடக்கும். ரிமோட்டை அழுத்தினால் மூன்று கதவு பூட்டிக்கொள்ளும், பின்பக்க இடது கதவு மட்டும் கேட்காது. ஆறு மாதம் இப்படி ஓட்டினேன். பத்தமடையில் கிளம்பும்போது பூட்டும், டவுனுக்கு வந்ததும் பூட்டாது. தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் லாக் மோட்டார் போய்விட்டது என்று மாற்றினார். பத்தாம் நாள் பழைய கதை. மறுபடியும் மோட்டார் என்றார், மறுபடியும் மாற்றினார். மூன்றாம் தடவை நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைப் பிரித்துப் பார்த்தேன். இரண்டு மோட்டாரும் நன்றாகவே இருந்தன. குறை இருந்தது கதவுக்கும், அதன் கீல் பொருத்திய பாடித் தூணுக்கும் நடுவே, விரல் பருமனுள்ள ரப்பர் குழாய்க்குள்.

அதற்குப் பிறகு அக்கம்பக்கத்து வண்டிகள் ஏழெட்டைப் பார்த்தாயிற்று. பாதிக்கு மேல் மோட்டார் மீது பழியே இல்லை. அதனால் கடைக்குப் போய் மோட்டார் வாங்குவதை இந்த வேலையின் கடைசிப் படியாக வைத்துக்கொள்ளுங்கள்.

என் வண்டி நான்கு கதவு பிக்கப். எல்லாக் கதவையும் சேர்த்துப் பூட்டும் சென்ட்ரல் லாக் பிறகு வெளியில் பொருத்தியது. வண்டியோடு வந்த பூட்டுக்கும் வழி இதுதான், மாறும் இடத்தில் சொல்கிறேன்.

ஒவ்வொரு கதவுக்குள்ளும் 12 வோல்ட்டில் ஓடும் சின்ன மோட்டார் ஒன்று இருக்கிறது. அது பிளாஸ்டிக் பற்சக்கரங்களைச் சுற்றி, ஒரு தண்டைச் சுமார் 2 சென்டிமீட்டர் தூரம் தள்ளும் அல்லது இழுக்கும். அந்தத் தண்டில் கோர்த்த கம்பிதான் பூட்டை நகர்த்துகிறது. இரண்டு ஒயரில் பிளஸ் ஒரு பக்கம் வந்தால் பூட்டும், மறுபக்கம் வந்தால் திறக்கும். மின்சாரம் வருவது ஒரு நொடிக்கும் குறைவு. ஓட்டுநர் கதவு மோட்டாரில் மட்டும் பெரும்பாலும் ஐந்து ஒயர் இருக்கும்: இரண்டு மோட்டாருக்கு, மூன்று அதற்குள் இருக்கும் சுவிட்சுக்கு. சாவி போட்டுத் திருப்பினால் மற்றக் கதவுகளுக்குச் செய்தி போவது அந்தச் சுவிட்ச் வழியாகத்தான். எல்லாக் கதவும் தாமாகவே பூட்டித் திறந்து பேயாட்டம் ஆடினால் முதலில் சந்தேகப்பட வேண்டியதும் அதைத்தான்.

திருப்புளியைத் தொடுவதற்கு முன் காதைக் கொடுங்கள். சத்தம் அடங்கிய இரவு நேரம் நல்லது. என் மகள் ரிமோட்டை அழுத்துவாள், நான் ஒவ்வொரு கதவிலும் காதை வைத்துக் கேட்பேன். சாவி சட்டைப் பையில் இருக்கட்டும், ஒரு கதவின் கண்ணாடி இறங்கியே இருக்கட்டும். வெளியே நின்றுகொண்டு உள்ளே சாவி பூட்டிக்கொண்டதைப் பார்க்கும் பாக்கியம் எனக்கு ஒருமுறை வாய்த்தது.

நான்கு கதவிலும் சத்தமே இல்லையா? ஓட்டுநர் கதவைச் சாவியால் பூட்டிப் பாருங்கள். மற்றவை கூடவே பூட்டினால் பெரும்பாலும் ரிமோட்டின் செல்தான் தீர்ந்திருக்கும். சாவிக்கும் அசையவில்லை என்றால் ஃபியூஸைப் பாருங்கள். எரிந்திருந்தால் அதே ஆம்பியரில் புதியது போடுங்கள். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி ஓட்டும் பழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது; அது ஒயரை எரிக்கும், சமயத்தில் வண்டியையே எரிக்கும். புதிய ஃபியூஸும் உடனே போனால் எங்கோ ஒயர் தோல் உரிந்து பாடியில் தொடுகிறது.

ஒரு கதவில் மட்டும் 'விர்' என்று ஓடுகிறது, பூட்டு அசையவில்லை என்றால் மோட்டாருக்கு உயிர் இருக்கிறது. கம்பியைப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப் கழன்றிருக்கும், அல்லது பற்சக்கரத்தின் பல் மழுங்கியிருக்கும். பாதி தூரம் போய் நின்றால் பூட்டுக் குமிழைக் கையால் தள்ளிப் பாருங்கள். கைக்கே கனமாக இருக்கிறதா? பூட்டுதான் இறுகியிருக்கிறது. ஆனி, ஆடிக் காற்றில் ராதாபுரம் பக்கம் ஓடும் வண்டிகளுக்கு இது வழக்கம். செம்மண் தூசி பழைய கிரீஸோடு சேர்ந்து களிமண் மாதிரி ஆகிவிடும். உவரிக் கடற்காற்றில் நிற்கும் வண்டியில் தூசிக்குப் பதில் துரு.

ஒரு கதவு மட்டும் முழு மௌனம் என்றால், அல்லது என் வண்டி போல நினைத்தால் பூட்டி நினைத்தால் பூட்டாமல் இருந்தால், கதவை அகலத் திறந்துவைத்துக் கீல் பக்கம் உட்காருங்கள். தூணிலிருந்து கதவுக்குப் போகும் ரப்பர் குழாயின் ஒரு முனையைப் பிடுங்கி ஒயர்களை வெளியே எடுங்கள். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை திறந்து மூடும் கதவில் ஒயர் ஐம்பது தடவையும் ஒரே இடத்தில்தான் மடங்குகிறது. உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறும். மேலே பிளாஸ்டிக் தோல் முழுசாக இருக்கும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஒவ்வோர் ஒயரையும் இரண்டு கைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையில் பிடித்து, இரண்டு அங்குல இடைவெளியில் மெல்ல இழுங்கள். நல்ல ஒயர் விறைப்பாக நிற்கும். அறுந்த ஒயர் ரப்பர் வளையம் போல நீளும், அந்த இடத்தில் தோல் இளைத்து நிறம் வெளுக்கும். என் வண்டியில் பச்சை ஒயர் அப்படி நீண்டது. பிளேடால் கீறினேன், உள்ளே செம்பு இரண்டு துண்டாக, முனைகள் கறுத்து, ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் கிடந்தன. கதவு ஒரு கோணத்தில் இருந்தால் தொடும், குண்டும் குழியுமான சாலையில் குலுங்கினால் விலகும். இதற்காக இரண்டு மோட்டாருக்குக் காசு கொடுத்திருக்கிறேன்.

ஒட்டுப் போடுவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பேட்டரியின் மைனஸ் முனையை முதலில் கழற்றுங்கள். அறுந்த இடத்திலேயே முறுக்கி டேப் சுற்றினால் அந்த ஒட்டு மறுபடி மடங்கும் இடத்தில்தான் உட்காரும், மூன்று மாதம் தாங்காது. ஈயம் வைத்துப் பற்றவைத்தாலும் அதே கதைதான். ஈயம் ஏறிய இடம் விறைத்துப்போய் அதன் ஓரத்தில் அறும். ஆகவே மடங்கும் பகுதியை முழுவதும் வெட்டி எடுத்துவிட்டு, புதிதாக ஓர் அடி ஒயர் சேருங்கள். ஓர் ஒட்டு கதவுக்கு உள்ளேயும் மற்றொன்று தூணுக்கு உள்ளேயும் வர வேண்டும். பல இழை உள்ள வண்டி ஒயராக, பழைய பருமனுக்குக் குறையாமல் இருக்கட்டும். வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய ஒற்றைக் கம்பி ஒயர் இங்கே ஆகாது. ஒட்டின் மேல் சூடு காட்டினால் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். இரண்டு ஒயரின் ஒட்டும் பக்கத்தில் பக்கத்தில் வராமல் முன்னும் பின்னுமாக இருந்தால் குழாயில் சிக்காது. கதவை முழுக்கத் திறந்து, ஒயர் இழுபடாமல் தொய்வாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு குழாயை மாட்டுங்கள்.

ஒயர் நன்றாக இருந்தால்தான் கதவைப் பிரிக்க வேண்டும். இந்த வேலைக்கு நம் ஊர் வெயில் நல்ல துணை. மதியம் இரண்டு மணிக்கு வண்டியை வெயிலில் விட்டால் உள்ளே பிளாஸ்டிக் தாளை ஒட்டியிருக்கும் கறுப்புப் பசை தானாக இளகும், கதவின் உள்பக்க உறையான டோர் பேடின் கிளிப்புகளும் சட்டென்று உடையாது. என்றாலும் ஒரு டஜன் கிளிப் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நான்கைந்து உடைவது உறுதி.

கண்ணாடியை முழுக்க ஏற்றிவிடுங்கள். கண்ணாடி ஏற்றும் கைப்பிடி இருந்தால் அதன் பின்னால் குதிரை லாட வடிவில் ஒரு கம்பிக் கிளிப் இருக்கும். பழைய வேட்டித் துணி ஒன்றை நாடா போலக் கிழித்து, கைப்பிடிக்கும் பேடுக்கும் இடையில் விட்டு, ரம்பம் போல இடமும் வலமும் இழுத்தால் கிளிப் துள்ளி விழும். துள்ளும் திசையில் ஆளை நிறுத்துங்கள். எங்கள் முற்றத்துத் தென்னை மூட்டில் ஒன்று இன்றுவரை கிடக்கிறது. கை வைக்கும் குழியிலும் உள் கைப்பிடியின் மூடிக்குப் பின்னாலும் திருகுகள் ஒளிந்திருக்கும். அவற்றைக் கழற்றாமல் பேடை இழுத்தால் பேடு கிழியும். கழற்றிய திருகுகளை நான் ஒரு துண்டு வாழை இலையில் பந்தி பரிமாறுவது போல இடமிருந்து வலமாக வரிசையாக வைப்பேன். மாட்டும்போது கடைசியாக வைத்ததிலிருந்து திரும்பி வந்தால் போதும்.

கீழ் ஓரத்திலிருந்து பேடை நெம்பி, கிளிப்புகள் விட்டதும் மேலே தூக்குங்கள். கண்ணாடி சுவிட்ச் ஒயர் இருந்தால் அதன் இணைப்பைக் கழற்றுங்கள். மஞ்சள் நிறத்தில் இணைப்பு ஏதாவது தெரிந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம், தொடாமல் மூடிவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். கதவின் உள்தகடு விளிம்பு அரிவாள் மாதிரி, முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

இனி மோட்டாரைச் சோதிக்கலாம். பேட்டரி முனையைக் கழற்றியிருந்தால் மாட்டுங்கள். மோட்டாரின் இணைப்பைப் பிரித்து, வண்டியிலிருந்து வரும் இரண்டு ஒயரில் பழைய பார்க்கிங் விளக்கின் 12 வோல்ட் பல்பு ஒன்றைத் தொடுங்கள். மல்டிமீட்டரைவிட இதற்குப் பல்பே மேல். மீட்டர் எண்ணைக் காட்டுவதற்குள் மின்சாரம் வந்து போய்விடும். பூட்டும்போது ஒரு மின்னல், திறக்கும்போது ஒரு மின்னல் என்றால் ஒயரும், கதவுகளுக்கு மின்சாரம் அனுப்பும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் சரி. அடுத்து 10 ஆம்பியர் ஃபியூஸ் கோர்த்த ஒயரால் மோட்டாருக்குப் பேட்டரியிலிருந்து நேராகக் கொடுங்கள், பிறகு முனையை மாற்றிக் கொடுங்கள். தொட்டு எடுக்க வேண்டும், பிடித்துக்கொண்டே இருந்தால் நல்ல மோட்டாரும் கருகும். இரண்டு பக்கமும் துள்ளினால் அது வாழட்டும். அசையாவிட்டால்தான் கடைக்குப் போக வேண்டும்.

பழையதைக் கையில் எடுத்துப்போய், இரண்டு ஒயரா ஐந்து ஒயரா என்று பார்த்து வாங்குங்கள். வண்டியோடு வந்த பூட்டில் மோட்டார் பெரும்பாலும் பூட்டோடு சேர்ந்தே இருக்கும். கதவின் விளிம்பில் உள்ள திருகுகளைக் கழற்றி மொத்தமாக மாற்ற வேண்டும், செலவும் கூடும். தனி மோட்டார் என்றால் இரண்டு திருகுதான். தண்டு, பூட்டுக் கம்பி போகும் திசையிலேயே நேராக நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் சிக்கும், பற்சக்கரம் சீக்கிரம் போகும். கண்ணாடியை ஒருமுறை முழுக்க இறக்கி, கம்பியில் உரசவில்லையே என்று பாருங்கள். மற்றக் கதவுகள் பூட்டும்போது இது மட்டும் திறந்தால் பதற வேண்டாம், அதன் இரண்டு ஒயரையும் இடம் மாற்றுங்கள்.

கதவு திறந்திருக்கும்போதே பூட்டின் நாக்கில் பழைய கறையைத் துடைத்து, வெள்ளை லித்தியம் கிரீஸ் கொஞ்சம் வையுங்கள். என்ஜின் ஆயில் வேண்டாம், தூசியை அழைத்துவரும்.

இப்போது கதவைச் சாத்தக் கை துடிக்கும். சாத்தாதீர்கள். திருப்புளியால் பூட்டின் நாக்கைத் தள்ளி, கதவு மூடியது போல வையுங்கள். ரிமோட்டில் பூட்டுங்கள், திறங்கள், கைப்பிடியை இழுத்து நாக்கு விடுகிறதா என்று பாருங்கள். உள்ளேயும் வெளியேயும் பாருங்கள். பக்கத்துத் தெரு அண்ணாச்சி ஒருவரின் வண்டியில் நான் இதைச் செய்யாமல் சாத்திவிட்டேன். உள் கைப்பிடிக் கம்பியைக் கோர்க்க மறந்திருந்தேன், வெளிக் கைப்பிடி ஏற்கெனவே உடைந்தது. பேடு கழன்றிருந்ததால் மறுகதவு வழியாக ஊர்ந்துபோய்த் திறக்க முடிந்தது. அதுவரை "என்ன தம்பி, இருந்த கதவையும் சுவராக்கிவிட்டீர்களே" என்று அவர் சொல்லிக்கொண்டே நின்றார்.

பிளாஸ்டிக் தாளைத் திரும்ப ஒட்டாமல் விட்டுவிடாதீர்கள். கண்ணாடி வழியாக இறங்கும் மழைநீரைப் பேடுக்கு வராமல் கதவின் அடிக்கு அனுப்புவது அதுதான். அடியில் சின்னத் துளைகள் இருக்கும். 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி கரை புரண்டபோது என் வண்டி ஒன்றரை நாள் தண்ணீரில் நின்றது. வடிந்த பிறகு வெளியே கழுவினேனே தவிர, கதவுக்குள் பார்க்கவில்லை. நான்கு மாதம் கழித்து முன்பக்க இடது மோட்டார் நின்றபோது பிரித்தால், உள்ளே ஓர் அங்குலத்துக்கு வண்டல் காய்ந்து கிடந்தது, துளைகள் எல்லாம் அடைத்திருந்தன. அந்த மோட்டார் மட்டும் உண்மையிலேயே செத்திருந்தது. இப்போது ஐப்பசி பிறக்கும் முன் நான்கு கதவின் துளைகளையும் தென்னை ஈர்க்குச்சியால் குத்திவிடுகிறேன்.